அத்தை வேகவைத்த கல்

கல்லைக் காணோம்.

போன வாரம் தேன்மொழியைக் கூடத்தில் மீன்தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு சுற்றுகின்றன. நடுவில் கிடந்த தேங்காய் அளவுக் கல்லை மட்டும் காணவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்கள் முழிக்க வேண்டாம். தேன்மொழி தூத்துக்குடிப் பெண். சங்கரன்கோவிலில் விசைத்தறியும் சாயப்பட்டறையும் வைத்திருக்கும் சுந்தரராஜ் வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று வருடம் ஆகிறது. கடலைப் பார்க்காமல் இவள் முகம் வாடுகிறதே என்று கணவன் லிங்கேஷ் ஆசையாக வாங்கி வைத்ததுதான் அந்தக் கடல்நீர்த் தொட்டி. மாமியார் ராஜகுமாரிக்கு அது ஆகவே ஆகாது. "மனுசன் குடிக்கத் தண்ணிக்குக் குடத்தத் தூக்கிட்டு அலையுதான். எம் மருமவ மீனுக்கு உப்பு கலக்கி ஊத்துதா" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லுவாள்.

கொஞ்ச நாளாக அந்தக் கல்லில் பச்சையாக என்னவோ படர்ந்துகொண்டிருந்தது. என்னவென்று தேன்மொழிக்குத் தெரியவில்லை. படம் எடுத்து, தொட்டி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஒருவர் நூல்பாசி என்றார். இன்னொருவர் அது வேறு பாசி, பிய்த்தால் பத்தாகப் பெருகும் என்று பயமுறுத்தினார். மூன்றாவது ஆள், விளக்கை அணைத்துப் போடுங்கள், வெளிச்சம் இல்லாவிட்டால் எந்தப் பாசியும் தானே சாகும் என்றார். அது சுலபமாக இருந்ததால் அதைத்தான் கேட்டாள். அன்றிலிருந்து தொட்டி இருட்டிலேயே கிடந்தது.

இன்றைக்குப் பார்த்து லிங்கேஷின் தங்கை விஜிதாவுக்குப் பூ வைக்கச் சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படப்போவது அந்தத் தொட்டிதான்.

"விஜி! தொட்டில கெடந்த கல்ல நீ எடுத்தியா?"

"எனக்கென்ன தெரியும் மதினி? நான் தலை சீவிக்கிட்டிருக்கேன்" என்று அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் ராஜகுமாரி புறவாசல் வழியாக உள்ளே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் கல்.

"இந்தா, பிடி. இனி எவன் பாசின்னு சொல்லுதான்னு பாப்போம்."

கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

"அத்தை, என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாவ? நூல் வேகவைக்கிற அண்டாவுல சோடாவப் போட்டு நல்லாக் கொதிக்க விட்டேன். பாசி பூரா வழண்டு வந்துட்டு."

சாயம் போடுகிற வீட்டில் இது ஒன்றும் அதிசயமில்லை. தறிக்கு வரும் நூலைச் சோடா போட்டு வேகவைத்து, அதிலிருக்கிற எண்ணெய்ப் பசையைப் போக்கினால்தான் சாயம் ஏறும். அந்தப் பழக்கத்தில் ராஜகுமாரி கரித்துணி, எண்ணெய்ச் சட்டி, பேரப்பிள்ளை வந்தால் போடலாமென்று எடுத்து வைத்திருக்கும் பழைய தொட்டில் துணி என்று எதையும் அண்டாவில்தான் போடுவாள். கொதியில் போகாத அழுக்கு உலகத்தில் இல்லை என்பது அவளுடைய கட்சி. கல் மட்டும் என்ன விதிவிலக்கா?

தேன்மொழிக்கு வந்த கோபத்துக்கு வாயைத் திறந்திருந்தால் பூ வைக்கிற வீடு போர்க்களமாகியிருக்கும். அதற்குள் ராஜகுமாரி சொன்னாள்:

"வாரவ ஆயிரம் நொட்டை சொல்லுவாவ. மருமவ வீட்ட எப்படிப் பாசி பிடிக்க வச்சிருக்கா பாருன்னு ஒருத்தி சொல்லிட்டா? எம் மருமவள எவளும் ஒரு சொல்லு சொல்லப்பிடாது. நான் சொல்லலாம். அது வேற."

மூன்று வருடத்தில் முதல் முறையாக மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு சொல். தேன்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. கல் போனால் போகிறது என்று அந்த நிமிடமே மன்னித்துவிட்டாள்.

ராஜகுமாரி இருமினாள். விடாமல் இருமினாள்.

"என்ன அத்தை, புகையா?"

"ஆவி. இந்த ஆனிக் காத்துல அடுப்பு எங்க நிக்கு? பட்டறைக் கதவு ஜன்னல் எல்லாத்தையும் அடச்சுப்போட்டுல்லா வேகவச்சேன். வாய் வேற ஒரே கசப்பா இருக்கு. செம்புக்காச வாயில போட்டாப்புல."

மல்லிகைப் பூவும் லாலாக் கடை இனிப்புமாக லிங்கேஷ் உள்ளே வந்தான். தாம்பாளத்தைப் பார்த்தான். சினிமாவாக இருந்தால் கையிலிருந்த பூ கீழே விழுந்திருக்கும். இவன் பூவைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டுத்தான் வெளுத்துப்போனான்.

"எம்மா, அந்தக் கல்லயா வேகவச்ச?"

"ஏம்ல, கரைஞ்சு போயிருமா?"

லிங்கேஷ் கல்லைத் தூக்கி ஒரு மஞ்சள் பையில் போட்டான். முடிச்சுப் போட்டான். விறுவிறுவென்று வெளியே கொண்டுபோய்விட்டான். வெந்துபோன கல்லுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று தேன்மொழிக்குத் தோன்றியது. கேட்க நேரமில்லை. கேசரிக்கு ரவை வறுக்க வேண்டியிருந்தது.

ரவை வறுபடும் முன்னால் ராஜகுமாரி அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சை இழுத்தாள். உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஏட்டி... நெஞ்ச அடைக்கி..."

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். லிங்கேஷ் காரை எடுத்தான். சுந்தரராஜ் தறிக்கூடத்திலிருந்து பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஓடிவந்தார். கூடவே ஏறப்போன விஜிதாவை அவர்தான் தடுத்தார்.

"நீ இரு தாயி. சிவகிரிக்காரவ வந்தா பதில் சொல்ல வீட்டுல ஆள் வேணும்லா."

பட்டுச்சேலையோடு வாசலில் நின்ற விஜிதாவின் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. அம்மாவை இப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் அப்படி இருக்காது?

ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் ஞானபூரணம் இந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர். விஜிதா பிறந்தபோது பிரசவம் பார்த்ததே அவர்தான். முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார், புகை மருந்து வைத்தார், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இவங்களுக்கு ஆஸ்துமா உண்டா?"

"இல்லம்மா. சளி கூடப் பிடிக்காது அவளுக்கு."

"வீசிங் மருந்துக்கு இது இறங்கல. இதயத் துடிப்பும் எனக்குப் பிடிக்கல. எதையோ சுவாசிச்சிருக்காங்க. என்னது?"

சுந்தரராஜுக்குத் தெரியாது. அவர் மகனைப் பார்த்தார்.

"சாயப்பொடி டாக்டர்" என்றான் லிங்கேஷ். "பட்டறையில சாயப்பொடி பறந்திருக்கும்."

தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். பூ வைக்கிற நாளென்று நேற்றிலிருந்தே பட்டறையில் சாயம் தொடவில்லை. இது அவனுக்கும் தெரியும். பிறகு ஏன் பொய்?

வராந்தாவுக்கு வந்தாள். விஜிதாவிடம் கேட்கலாமென்று போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. செய்தியாவது அனுப்புவோம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தவள் கண்ணில் விஜிதாவின் ஸ்டேட்டஸ் பட்டது. காலையில் பட்டுச்சேலை கட்டியதும் தொட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு, அதன் முன்னால் நின்று எடுத்த வீடியோ. எத்தனையோ நாளைக்குப் பிறகு தொட்டியில் வெளிச்சம்.

விஜிதாவின் தோளுக்குப் பின்னால் கல் தெரிந்தது. அதில் பச்சை நூல்களுக்கு நடுவே வட்ட வட்டமாக என்னவோ விரிந்திருந்தது. தேன்மொழி அதை இதுவரை பார்த்ததே இல்லை.

வீடியோவை அப்படியே பஸீலாவுக்கு அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் கடல் உயிரியல் நடத்துகிறாள். அடுத்த நிமிடமே கூப்பிட்டாள்.

"ஏளா தேனு, இதத்தான் நீ பாசி பாசின்னு சொன்னியா?"

"பாசி இல்லியா?"

"மேல இருக்கது நூல்பாசிதான், அது ஒண்ணும் செய்யாது. அதுக்கு அடியில பாரு. சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமா, ஓரத்துல முடி முடியா விரிஞ்சிருக்குல்லா? அது பாசியே கிடையாது. உயிரு. பவளத்துக்குப் பங்காளி."

"நான் தெனம் பாக்குத கல்லு, ஏளா! என் கண்ணுல படவே இல்லியே."

"விளக்க அணச்சுப் போட்டா எப்படிப் படும்? இருட்டுல அது சுருங்கி மூடிக்கிடும். மேல பாசியும் படர்ந்திருந்தா பாசி மாதிரியேதான் இருக்கும். கேளு, அதுல கைய கிய வச்சுராத. இந்த இனத்துல சிலதுக்குள்ள கொடிய விஷம் உண்டு. பாலிடாக்சின்னு பேரு. தண்ணிக்குள்ள இருக்கவரைக்கும் பயமில்ல. தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. கொதிக்க மட்டும் வச்சிரவே கூடாது, ஆவியில ஏறி வந்துரும்."

"பஸீலா... எங்க அத்தை அத வேகவச்சுட்டாங்க. மூடின பட்டறைக்குள்ள. இப்ப மூச்சு விட முடியாமக் கிடக்காங்க."

"யா அல்லாஹ்!" அந்தப் பக்கம் பஸீலா அலறினாள். "உடனே டாக்டர்கிட்ட சொல்லு. இந்தப் பேரச் சொல்லு. வாயில உலோகக் கசப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப சந்தேகமே இல்ல. ஆனா இது எப்படி உன் தொட்டிக்கு வந்துச்சு? கடைக்கல்லுன்னுல்லா சொன்னே? சிமெண்டுக் கல்லுல இது முளைக்காது தேனு. கடலுக்குள்ள இருந்து ஈரத்தோட பேத்து எடுத்தாத்தான் கூட வரும்."

சிமெண்டில் செய்த கல் என்று சொன்னது லிங்கேஷ். அதை நம்பித்தானே அவள் உயிர் எதுவும் இருக்காது, பாசியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள்? குழுவில் கேட்டவர்களிடமும் கடைக்கல் என்றுதானே சொன்னாள்?

திரும்பினாள். லிங்கேஷ் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

"கல்ல எங்க வாங்குனீங்க?"

"மெதுவாப் பேசு."

"எங்க வாங்குனீங்க?"

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "போன தடவ உங்க ஊருக்குப் போனப்ப, கடற்கரையில ஒருத்தன் ரகசியமாக் கொடுத்தான். உசிருள்ள கல்லு, தொட்டி அழகா வரும்னான். நீ பாத்தா சந்தோசப்படுவேன்னு நினைச்சேன். கடல்ல இருந்து எடுக்கது சட்டப்படி தப்புன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. பிடிச்சா ஜெயில்னாவ. உங்கிட்டச் சொன்னா நீ பயப்படுவேன்னு..."

"அத்தை வேகவச்சது அந்தக் கல்லுன்னு தெரிஞ்சும் டாக்டர்கிட்ட சாயப்பொடின்னு சொன்னீங்களே!"

"விஷம்னு எனக்குத் தெரியாது தேனு. சத்தியமாத் தெரியாது. கல்லப் பத்திப் பேச்சு வந்தா கேஸாயிரும்னு பயந்தேன். சிவகிரிக்காரவ வண்டி கிளம்பிட்டு. இந்த நேரத்துல போலீசு, ஃபாரஸ்ட்டுன்னு வாசல்ல வந்து நின்னா விஜி கல்யாணம் நடக்குமா? சாய்ங்காலம் வர பொறுத்துக்கோ. அவ தலையில பூ ஏறட்டும். நானே டாக்டர்கிட்டச் சொல்லுதேன்."

"சாய்ங்காலம் வரைக்கும் அத்தை இருப்பாங்களா?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கட்டின நாளிலிருந்து மனைவியின் மனம் கோணாமல் நடந்தவன்தான். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். உள்ளே போய்ச் சொன்னால் இவனைக் காட்டிக் கொடுத்ததாகும். நாத்தனார் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் சாகும் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். மாமியார் பிழைத்து எழுந்தால் அவளே சொல்லிக் காட்டுவாள்.

பிழைத்து எழுந்தால்தானே சொல்லிக் காட்ட முடியும்? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"டாக்டர், சாயப்பொடி இல்ல."

கல், கடல், அண்டா, ஆவி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். பஸீலா சொன்ன பெயரை இரண்டு தரம் சொன்னாள். பஸீலாவையே போனில் பிடித்து டாக்டர் காதில் கொடுத்தாள். டாக்டர் ஞானபூரணம் கேட்கக் கேட்க நர்ஸுக்குக் கையால் ஜாடை காட்டினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று.

சுந்தரராஜ் மகனைத்தான் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஏலே, பெத்தவள விடவா கல்லு பெருசாப் போச்சு?" என்றார். லிங்கேஷ் சுவரோரமாகக் குத்தவைத்து முகத்தை மூடிக்கொண்டான்.

"அண்ணாச்சி, இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாது" என்றார் டாக்டர். "மூச்சையும் இதயத்தையும் நாம தாங்கிப் பிடிக்கணும். உடம்பு தானா அந்த விஷத்தத் தள்ளுற வரைக்கும். எங்கிட்ட அதுக்கு மிஷின் இல்ல. திருநெல்வேலிக்குப் போயாகணும். நல்லவேளை இப்பச் சொன்னீங்க. நான் சாயப்பொடின்னு நினைச்சு இங்கயே வச்சிருப்பேன்."

படுக்கையில் ராஜகுமாரியின் விரல்கள் அசைந்தன. தேன்மொழி பக்கத்தில் போய்க் குனிந்தாள். முகமூடிக்குள்ளிருந்து குரல் காற்றாக வந்தது.

"கோவமாட்டி...? உன் கல்ல... கெடுத்துட்டேனோ?"

"ஐயோ அத்தை!" தேன்மொழி உடைந்துவிட்டாள். "கல்லாவது மண்ணாவது. நீங்க எந்திரிச்சு வந்து என்னய வாய் நிறையத் திட்டுங்க. அது போதும் எனக்கு."

டாக்டர் நடுவில் வந்தார். "அழுறத அப்புறம் வச்சுக்கலாம். அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், தலைய மட்டும் ஆட்டுங்க. வேகவைக்கும்போது அந்தப் பட்டறைக்குள்ள உங்ககூட வேற யாராவது இருந்தாங்களா?"

ராஜகுமாரி தலையை ஆட்டினாள். ஆமாம்.

"யாரு?"

முகமூடியைத் தானே ஒதுக்கினாள். "விஜி... காத்துல கதவு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. உள்ள நின்னு பிடிச்சுக்கிட்டா. மதினிகிட்டச் சொல்லாத, வெள்ளையாக்கிக் காட்டுவோம்னு நான்தான்..."

தேன்மொழி போனை எடுத்தாள். விஜிதாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

சுந்தரராஜின் சட்டைப்பையில் போன் அலறியது. அவர் எடுத்த அவசரத்தில் எங்கேயோ தொட்டு ஸ்பீக்கரில் வந்துவிட்டது. சிவகிரிச் சம்பந்தி.

"அண்ணாச்சி, வாசல்ல வந்து நிக்கோம். உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. தட்டித் தட்டிக் கை வலிச்சுப் போச்சு. உள்ள போன் அடிக்கிற சத்தம் கேக்கு, ஆனா ஆள் அரவமே இல்ல. நல்ல நேரம் முடியப்போவுது. என்ன விசயம், எங்கள வரச்சொல்லிட்டு எங்க போயிட்டிய?"

சுந்தரராஜ் என்னவென்று சொல்லுவார்?

லிங்கேஷ் எழுந்து வந்தான். அப்பா கையிலிருந்து போனை வாங்கினான்.

"மாமா, நான் லிங்கேஷ் பேசுதேன். கதவ உடைங்க."

"என்ன மாப்ள சொல்லுதிய?"

"நான் திருட்டுத்தனமா வாங்கியாந்த கல்லுல விஷம் இருந்துச்சு மாமா. எங்கம்மா இங்க ஆஸ்பத்திரியில கிடக்கா. தங்கச்சியும் அந்த ஆவியத்தான் குடிச்சிருக்கா. பூ வைக்கிறதா வேண்டாமான்னு நீங்க அப்புறமா முடிவு பண்ணிக்கோங்க. இப்பக் கதவ உடைங்க!"

அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல் "என்னங்க, என்னவாம்?" என்று கேட்டது. பிறகு போனுக்குள்ளிருந்து மரக்கதவில் ஆள் மோதுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.